ரோமில் இல்லாத கணப்பு

கணப்படுப்பு தெரியுமில்லையா? இங்கிலீஷ் படங்களில் பெரியவர் ஒருத்தர் பைப்பும் கையுமாக அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு உயில் பற்றிப் பேசுவாரே, அது!

18-ம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபுக்களுக்கு ரோமப் பைத்தியம். தூண், கூரை, நாற்காலிக் கால் எல்லாமே பழைய ரோம் ஸ்டைலில் வேண்டும். ஹாலின் நடுநாயகமான கணப்பு மட்டும் தப்புமா? ஆனால், ஒரு சிக்கல். பழைய ரோமின் பணக்காரர்கள் தரைக்கு அடியில் சூடான காற்றை ஓடவிட்டுக் குளிர் காய்ந்தவர்கள். சுவரில் அடுப்பு, சுற்றிலும் பளிங்குச் சட்டம் என்பதற்கெல்லாம் அவர்கள் மாதிரி எதையும் விட்டுவைக்கவில்லை. இல்லாததை எப்படிக் காப்பியடிப்பது?

லண்டனில் ராபர்ட் ஆடம் சாமர்த்தியமாகச் சமாளித்தார். ஒல்லித் தூண், பூமாலை, ஜாடி... ரோமிலிருந்து அளவாகக் கிள்ளி எடுத்து, இளம் வண்ணம் பூசிய டிராயிங்குகள். அவருடைய ஆபீஸ் டிராயிங்குகள் சுமார் 8,000, லண்டன் சோன் மியூசியத்தில் இருக்கின்றன. அழகுதான். நாலு பார்த்தால் ஐந்தாவது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

அவருடைய சிநேகிதர் பிரானேசி வேறு ரகம். 1769-ல் ரோமில் ஒரு புத்தகம் போட்டார். அறுபதுக்கும் மேற்பட்ட தகடுகள், முக்கால்வாசி கணப்பு டிசைன்கள். முன்னோர் மாதிரி வைக்கவில்லையா, ரொம்ப நல்லது, கல்லறையிலிருந்தும் கோயில் வாசலிலிருந்தும் வேண்டியதை எடுத்துக் கலக்கலாம் என்பது அவர் கட்சி. ரோம், எட்ருஸ்கன், எகிப்து எல்லாவற்றையும் கலக்கினார். நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தது 1798-ல். அதற்கு 29 வருஷம் முன்பே இவருடைய கணப்புகளில் ஸ்பிங்க்ஸும் காளையும் சித்திர எழுத்தும் வந்தாயிற்று. அந்த எழுத்தைப் படிக்கும் வழி பிடிபட்டதே 1822-ல்தான் என்பதால், மனுஷர் தைரியமாக இஷ்டத்துக்கு நிரப்பியிருக்கிறார்!

நெரிசல் தாங்க முடியவில்லை என்பது நிஜம். சில தகடுகளில் அடுப்பு எங்கே என்று தேட வேண்டும். இருந்தாலும் என் ஓட்டு இவருக்குத்தான். ஆடம் ரோமிடம் அனுமதி கேட்டு வரைந்த மாதிரி இருக்கிறது. இவர் கேட்கவே இல்லை.

பி.காம். புத்திக்கு இன்னொன்றும் படுகிறது. முன்னுரை இத்தாலியன், இங்கிலீஷ், பிரெஞ்சு என மூன்று மொழியில். பழைய சிற்பங்களை ஒட்டுப்போட்டு வெளிநாட்டு யாத்ரீகர்களுக்கு விற்ற வியாபாரியும் அவரே. புத்தகமே ஒரு கேட்லாக்! ஆர்டரும் வந்தது. ஆம்ஸ்டர்டாம் பேங்கர் ஜான் ஹோப்புக்காகச் செய்த பளிங்குக் கணப்பு இன்றும் அந்த ஊர் ரைக்ஸ்மியூசியத்தில் நிற்கிறது. தகட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காகிதத்தில் மூச்சு முட்டிய அலங்காரம், கல்லில் எவ்வளவு நிதானமாக உட்கார்ந்திருக்கிறது!