மூக்கை நம்பிக் கடைவது

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது தாம்பரம், வண்டலூர் பக்கம் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. வேம்பு, வாகை, தூங்குமூஞ்சி எல்லாம் தெருவில் கிடந்தன. விறகாகவோ குப்பையாகவோ போக வேண்டிய அப்படிப்பட்ட கட்டையில் கிண்ணமும் குங்குமச்சிமிழும் கடைவது நல்ல காரியம்தான். நிற்கிற மரத்தில் கைவைக்க வேண்டாம், காசும் மிச்சம். ஆனால் நெடி அடங்கினால் கட்டை சுத்தம் என்று கடைசல் பழகுகிறவர்கள் நினைப்பதுதான் எனக்கு இடிக்கிறது.

பச்சை வேம்பை லேத்தில் ஏற்றினால் கசப்பு நெடி பட்டறை முழுக்கப் பரவும். நிழலில் காய்ந்தால் அடங்கிவிடும். பூவரசோ கடையும்போதே மணக்கும். வாகையில் நெடி சுமார்தான், உப்புத்தாள் வைத்ததும் எழும் தூள் தும்மவைத்தே தீரும். மழையில் ஊறிக் கிடந்த கட்டையின் புளித்த நாற்றம் மரத்துடையதே அல்ல. உள்ளே பாக்டீரியா உண்டாக்கிய அமிலங்கள். வெயிலில் போனதுபோல் இருந்து ஐப்பசி ஈரத்தில் திரும்பி வரும். இதற்குக் கடைசல்காரர்களின் பழைய வைத்தியம் அரக்கு. சுழலும் சாமான்மேல் அரக்குக் கட்டியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகிப் பூசிக்கொள்ளும். தாழை ஓலையால் தேய்த்தால் பளபளப்பு ஏறும், நெடியும் உள்ளேயே அடைபடும். சூடான பண்டம் வைக்கும் பாத்திரத்துக்கு மட்டும் உதவாது, இளகிவிடும்.

என்னால் ஒப்ப முடியாதது ரயில் பாதையின் ஸ்லீப்பர் கட்டை. 1931-ல் மின்ரயில் வந்த கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதை இன்று இல்லை. தண்டவாளத்தடியில் மரம் இருந்த இடத்தைக் கான்கிரீட் பிடித்துக்கொண்டது. ஏலத்தில் கைமாறிய கட்டைகள் பழைய மரக்கடைகளுக்கு வருவதுண்டு. உறுதி குறைந்த மரங்களை ரயில்வே கிரியோசோட் என்ற நிலக்கரித் தார் எண்ணெயில் ஊறவைத்தே போட்டது. மேல் கறுப்பைச் சீவிவிட்டால் உள்ளிருக்கும் வைரம் சுத்தம் என்பார்கள். வைரம் எண்ணெயை எளிதில் குடிக்காது, உண்மை. ஆனால் தண்டவாள ஆணி இறங்கிய துளையைப் பிளந்து பாருங்கள்: துளையின் சுவரும் அதிலிருந்து ஓடும் வெடிப்பும் கறுத்திருக்கும். வெயிலில் போட்டு நெடி குறைந்தால் லேசான பொருள்கள் ஆவியாகிவிட்டன என்றுதான் அர்த்தம். கனமான நஞ்சு மரத்திலேயே தங்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிரியோசோட்டை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. சும்மா கிடக்கும் கட்டையைவிட அதைக் கடைந்து பொடியாக்கி மூச்சில் இழுப்பது பல மடங்கு மோசம். (மரத்தூளே அந்த முகமையின் முதல் வகைப் பட்டியலில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில், இருக்கிறது; முகக்கவசத்தைக் கேலி செய்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.)

நெடியே இல்லாத ஆபத்தும் உண்டு. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ஓட்டு வீடு இடிபடும்போது கிடைக்கும் நிலைக்கதவுத் தேக்கு கடைசலுக்கு அருமை. ஒரு சீவல் எடுத்ததும் வரும் தோல்வாடை கலந்த எண்ணெய் மணமே விலை பேசவைத்துவிடும். அதன்மேல் பூசிய பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். 90 பிபிஎம் என்ற வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வேம்பு நாறுகிறது என்று ஒதுக்கிவிட்டு, இந்தப் பெயின்ட்டை முகக்கவசமின்றி உப்புத்தாளால் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விலை பேசுமுன் எந்த இடத்துக் கட்டை என்று கேட்டால் மரக்கடைக்காரர் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார். ஸ்லீப்பர் என்றால் வேலிக்காலாக நட்டுக்கொள்ளலாம், லேத்துக்கு வேண்டாம்.