ஸ்ரீவைகுண்டம் தேடலில் கிடைக்குமா?

பழைய கணினியில் உள்ள தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தக் கணினியை நிரந்தரமாக மூடுவது. இந்த மாதிரி ஒப்பந்த வேலைகள் சிலவற்றைச் செய்திருக்கிறேன். ஒப்பந்தம் எழுதப்படும் விதத்தில்தான் எனக்குக் குறை. எத்தனை கோப்பு மாறியது என்பதுதான் அதில் கணக்கு. மாறினதுக்கு அப்புறம் தேடினா கிடைக்குதான்னு யாரும் கேட்கிறதில்லை.

எங்க ஊர்ப் பெயரையே எடுத்துக்கலாம். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் 'ஸ்ரீ' ஒரே குறி. யூனிகோடில் அதை ஸ், ரீ என்று எழுதலாம், 2005-ல் 4.1 பதிப்பில் 'ஶ' சேர்ந்த பிறகு ஶ், ரீ என்றும் எழுதலாம். திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு சொல். மாற்றி ஒரு வகையிலும் தேடுபவரின் விசைப்பலகை இன்னொரு வகையிலும் எழுதினால் ஊரே பட்டியலில் இருக்காது. (திருவைகுண்டம் என்று எழுதுகிறவர்கள் தப்பித்தார்கள்.)

ஊர் பரவாயில்லை, ஆள் பெயர்தான் பிரச்சினை. பழைய எழுத்துருவில் 'கௌ' என்பது கொம்பு, க, ள என்று மூன்று குறி. 'கெள' என்பதும் அதே மூன்றுதான். அகராதி பார்க்காத மாற்றி, கௌரியைக் 'கெளரி' ஆக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா அந்த அம்மா சான்றிதழ் நகல் கேட்டு வரும்போது "பதிவு இல்லை"ன்னு பதில் வரும்.

பழைய கணினி ஓடும்வரை சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கலாம். ஆனால் அதை மூடினால்தான் கடைசித் தவணைப் பணம். அப்போ ஒப்பந்தக்காரர் எதுக்கு அவசரப்படுவார்? சில இடங்களில் எழுத்துருக் கோப்பைக்கூட எடுத்து வைப்பதில்லை. அது இல்லாமல் நகலைத் திறந்தால் புள்ளி வைத்த ரோமன் எழுத்துகள்தான்.

2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. நல்ல முடிவு. கூடவே டேஸ்16 குறியேற்றத்தையும் சேர்த்தது எனக்குச் சரியாகப் படவில்லை. யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்காரும் குறியேற்றம் அது. அதில் எழுதியதையும் நாளைக்கு ஒருவர் மாற்றித்தானே ஆகணும்?

இப்போது என் விலைப்புள்ளியில் ஒரு வரி சேர்க்கிறேன்: காகிதப் பதிவேட்டிலிருந்து அலுவலக எழுத்தர் எடுத்துத் தரும் 100 பெயர்களைப் புதிய அமைப்பில் தேடி, எல்லாம் கிடைத்த பிறகே பழையதை மூட வேண்டும். போன முறை ஒரு அலுவலகத்தில் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். தாமதமாகுமாம்.