தண்டனையை எண்ணும் பாராட்டு

அரசு வழக்கறிஞர்களைப் பாராட்டும்போது எத்தனை பேருக்குத் தண்டனை வாங்கித் தந்தார் என்றுதான் எண்ணுகிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது. அமெரிக்காவின் டல்லஸில் 1951 முதல் 1987 வரை மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த ஹென்றி வேட் அப்படிப் புகழ்பெற்றவர்தான். அங்குள்ள சிறார் நீதி மையத்துக்கே அவர் பெயர். ஆனால் 1977-ல் அவர் அலுவலகம் மரண தண்டனை வாங்கித் தந்த ராண்டால் டேல் ஆடம்ஸ் விடுதலையானது 1989-ல். அரசுத் தரப்பு சாட்சியத்தை மறைத்ததாக மேல்நீதிமன்றமே சொன்னது. பன்னிரண்டு வருஷம் போச்சு!

2007-ல் அதே பதவிக்கு வந்த கிரேக் வாட்கின்ஸ், பழைய தண்டனைகளை மறுபடி பார்க்கத் தனிப்பிரிவு தொடங்கினார். எதிர்த்தரப்புக்குச் சாதகமான ஆதாரத்தை ஒளிக்காம கொடுத்தவர், வழக்குல சத்தில்லைன்னு வாபஸ் வாங்கினவர் - இவங்க எந்தக் கணக்கிலும் வரமாட்டாங்க. விருது கொடுக்கறவங்க முதல்ல இவங்களைத் தேடட்டும்.