22-ஆம் நாள்

கை மரத்து, வாய் கோணி, அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டாலும் அது பக்கவாதத்தின் முன்னோட்டம். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புக்கு இதயத் துடிப்புக் கோளாறும் காரணமில்லை என்று தெரிந்தபின், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துக் கொடுப்பது இன்றைய வழக்கம். புதுச்சேரியில் இரண்டுக்கும் ஒரே பெயர்: 'ரத்தம் இளக்குற மாத்திரை'.

இந்த வழக்கத்துக்கு வலுவான சான்று உண்டு. 2013-இல் வெளியான சீன ஆய்வில் 5,170 பேர். லேசான பக்கவாதமோ அதன் முன்னோட்டமோ கண்ட 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியது. 90 நாளில் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தோரில் 11.7 சதவீதம்; இரண்டும் எடுத்தோரில் 8.2 சதவீதம். ஆனால் இரண்டும் சேர்ந்து கொடுக்கப்பட்டது முதல் 21 நாள்தான். 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வு 90 நாளும் இரண்டையும் கொடுத்தது. கடும் ரத்தக்கசிவு 0.4-இலிருந்து 0.9 சதவீதமானது. பலனில் பெரும்பங்கு முதல் மூன்று வாரத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதன்பின் ஆபத்துதான் மிஞ்சுகிறது.

குறை தொடங்குவது இங்கேதான். முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், காலி அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். மருந்துக் கடையில் அதுதான் சீட்டு. இரண்டு மருந்தும் ஒரே கேப்சூலில் இருப்பதால் ஒன்றை மட்டும் நிறுத்தவும் வழியில்லை. இரண்டு வருடம் ஓடிவிட்டது. பல் துலக்கினாலே ஈறில் ரத்தம்.

இன்னொரு குறை உடம்புக்குள்ளேயே இருக்கிறது. குளோபிடோக்ரெல் கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யும். 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரின் ஆய்வாளர்கள், அந்த நொதியை முடக்கும் மரபணு வடிவம் தமிழரிடம் சுமார் 38 சதவீத அளவில் இருப்பதை 2003-இலேயே பதிவு செய்தார்கள். அத்தகையோருக்குக் குளோபிடோக்ரெலுக்குப் பதில் டிகாக்ரெலார் என்ற மருந்தைக் கொடுத்த 2021 சீன ஆய்வில் மறுபக்கவாதம் 7.6-இலிருந்து 6.0 சதவீதமாகக் குறைந்தது. சிறிதும் பெரிதும் சேர்த்துப் பார்த்தால் ரத்தக்கசிவோ இரட்டிப்பானது. ஆகவே எல்லாருக்கும் மருந்தை மாற்றிவிடுவதும் விடையல்ல. குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும் ஒமெப்ரசோலை 'கேஸ் மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்காமல் இருப்பது இன்றே செய்யக்கூடியது.

மூளை ரத்தக்குழாய் மிகவும் சுருங்கியவருக்கு 90 நாள் வரை தேவைப்படலாம். ஸ்டென்ட் வைத்தவர் கணக்கு வேறு. அதனால் நோயாளி தானாக எதையும் நிறுத்தக் கூடாது. 22-ஆம் நாள் எது நிற்கும், எது ஆயுளுக்கும் தொடரும் என்பதை மருத்துவர் முதல் நாளே தேதியோடு எழுதித் தர வேண்டும். அட்டையின் ஓரத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அந்தத் தேதி இருக்காது.