காற்று யாருக்கு? கஞ்சன்ஜங்கா அடுக்ககமும் தட்பவெப்பக் கட்டடக்கலை குறித்த பாராட்டும்

இந்திய நகரங்களில் தட்பவெப்பத்திற்கேற்ற அடுக்ககம் எது என்ற வினாவிற்குக் கட்டடக்கலை நூல்கள் பெரும்பாலும் சுட்டும் விடை, மும்பை கம்பாலா குன்றில் 1983இல் நிறைவுற்ற கஞ்சன்ஜங்கா. சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தாவுடன் இணைந்து வடிவமைத்த இக்கட்டடத்தின் பெருமையில் ஐயமில்லை. ஆயினும் அதனை நெரிசல்மிக்க நகரங்களுக்கான முன்மாதிரியாகக் கொள்ளும் பாராட்டு மறுஆய்வுக்குரியது.

மும்பையில் கடற்காற்றும் காட்சியும் மேற்கிலிருந்து வருகின்றன. பிற்பகல் வெயிலும் பருவமழைச் சாரலும் அத்திசையிலிருந்தே வருகின்றன. பழைய பங்களாக்கள் அறைகளைச் சுற்றி வராந்தா அமைத்து இச்சிக்கலைத் தீர்த்தன. கொரியா அந்த வராந்தாவை ஏறத்தாழ 85 மீட்டர் உயரக் கோபுரத்தின் மூலைகளில் இரு தள உயரமுள்ள தோட்ட மாடமாக மாற்றினார். வெயிலும் சாரலும் மாடத்தோடு நிற்க, காற்று மட்டும் உள்ளே செல்கிறது. வீடு ஒவ்வொன்றும் கிழக்கிலிருந்து மேற்குவரை நீள்வதால் ஒருபுறம் நுழையும் காற்று மறுபுறம் வெளியேறுகிறது.

இந்தத் தீர்வு எதைச் சார்ந்து நிற்கிறது என்பதைப் பாராட்டுரைகள் பேசுவதில்லை. அவ்வளவு உயரமான கோபுரத்தில் உள்ளவை 32 வீடுகளே. தளத்திற்கு எட்டு, பத்து வீடுகள் என்றானால் நடுவில் நடைக்கூடமும் அதன் இருபுறமும் வீடுகளும் அமையும். ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரே வெளிச்சுவர்தான் எஞ்சும். வெளியேற வழியில்லாத காற்று நுழைவதுமில்லை. ஆக, கஞ்சன்ஜங்காவின் காற்றோட்டம் வடிவத்தின் வெற்றி மட்டுமன்று. குறைந்த வீட்டடர்த்தியின் விளைவுமாகும்.

கொரியா இதனை அறியாதவர் அல்லர். 1960களின் தொடக்கத்தில் குறைந்த செலவு வீட்டுவசதிப் போட்டியொன்றில் அவர் பரிசு பெற்ற 'குழாய் வீடு', சாய்கூரையின் உச்சித் திறப்பு வழியே வெப்பக்காற்றை வெளியேற்றும் சிறிய வரிசை வீடு. வீட்டின் வெட்டுத்தோற்றத்தைக் கொண்டே காற்றை இயக்கும் சிந்தனை எளியோர் வீட்டில் தொடங்கிச் செல்வர் கோபுரத்திற்குச் சென்றது. எளியோருக்கு அவர் பரிந்துரைத்ததும் உயர்கோபுரம் அன்று. பேலாப்பூரில் அமைந்ததைப் போன்ற, முற்றங்களைச் சுற்றிய தாழ்ந்த குடியிருப்பே. எனவே கஞ்சன்ஜங்காவை அனைவருக்குமான முன்மாதிரியாக்குவது கொரியாவின் சொந்த நிலைப்பாட்டையே மறக்கச் செய்கிறது.

மாடம் பரவாததற்கு விதிகளும் காரணம். மும்பையில் தளப்பரப்புக் குறியீட்டில் சேராதிருந்த பால்கனிகளும் பூந்தொட்டி மேடைகளும் அறைகளோடு இணைக்கப்பட்டு விற்கப்பட்டன. இம்முறைகேட்டைத் தடுக்க 2012இல் அவை குறியீட்டுக் கணக்கினுள் கொண்டுவரப்பட்டன. நோக்கம் நியாயமானது, ஆனால் நிழல் தரும் வெளி, படுக்கையறையோடு சதுர அடிக்குச் சதுர அடி போட்டியிட நேர்ந்தது. அப்போட்டியில் நிழல் வெல்வது அரிது.

2018இல் வெளியான 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' குடியிருப்புகளுக்கான ஆற்றல் விதித்தொகுப்பு ஒரு முன்னேற்றமே. குளிர்மண்டலம் நீங்கலாக, கூரையல்லாத புறவுறை வழி புகும் வெப்பத்திற்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற உச்சவரம்பை அது விதிக்கிறது. மும்பை, சென்னை போன்ற வெப்ப ஈரப்பத நகரங்களில் திறக்கக்கூடிய சாளரப்பரப்பு, தளப்பரப்பில் 16.66 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்கிறது. எனினும் இவ்விகிதம் திறப்பின் அளவையே கணக்கிடுகிறது. அத்திறப்புகள் எதிரெதிரே உள்ளனவா, அவற்றின் முன் வானம் உள்ளதா, அடுத்த கட்டடத்தின் சுவர் உள்ளதா என்பவை அதில் இடம்பெறுவதில்லை.

இக்குறைபாடு கணக்கியல் நுணுக்கம் மட்டுமன்று. மும்பை கோவண்டி, மான்குர்த் பகுதிகளின் நட்வர் பாரேக், லல்லுபாய் ஆகிய மறுகுடியமர்வு வளாகங்களில் 225 சதுர அடி வீடுகள் அடுக்கப்பட்ட கட்டடங்களுக்கிடையே உள்ள இடைவெளி பலவிடங்களில் 3 மீட்டர் அளவே. இத்திட்டங்களுக்கெனத் திறந்தவெளி விதிகள் தளர்த்தப்பட்டதன் விளைவு இது. வெளிச்சமும் காற்றும் எட்டாத கீழ்த்தள வீடுகளில் காசநோய் மிகுந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அங்கே சாளரம் உண்டு. அதைத் திறந்தால் எதிர்வீட்டின் கழிவுக்குழாயும் குப்பையும் இருப்பதால் அது மூடியே கிடக்கிறது. தட்பவெப்பக் கட்டடக்கலையின் திறனாய்வு இதுவரை கம்பாலா குன்றின் மாடத்தில் நின்று எழுதப்பட்டுள்ளது. அதே நகரில், அதே கடற்காற்றின் பாதையில் உள்ள இந்தக் கீழ்த்தள வீட்டின் நண்பகல் வெளிச்சத்தையும் காற்றோட்டத்தையும் அளந்த பிறகே விதித்தொகுப்பின் வெற்றியை மதிப்பிட இயலும்.