உடன்பிறந்தார் பூசலும் கூற்றுரிமையும்

அகப்பாட்டினுள் யார் யார் கூற்று நிகழ்த்தற்கு உரியர், யார் யார் உரியரல்லர் என்பதைத் தொல்காப்பியச் செய்யுளியல் வரையறுத்துக் கூறுகின்றது. தந்தையும் தமையனும், ஊராரும் அயலாரும் தாமே முன்னின்று பேசுதல் அங்கு இல்லை. அவர் சொல்லைப் பிறர் எடுத்துமொழியக் கேட்கின்றோம். இவ்வரையறையை உளத்திற்கொண்டு அமெரிக்க நாட்டுப் புதினம் ஒன்றனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அதன்கண் பேசுவோருள் பெரும்பாலார் தந்தையும் உடன்பிறந்தாரும் அயலாருமே ஆவர். மிசிசிப்பிக் குடியானவர்க்குத் தொல்காப்பியர் விதி வகுத்தாரல்லர். ஆயினும், பேசுவோன் யாவன் என்னும் வினா எந்நாட்டு இலக்கியத்திற்கும் பொருந்துவதே.

வில்லியம் ஃபாக்னர் (1897–1962) 1930-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆஸ் ஐ லே டையிங்’ என்பதே அப்புதினம். தென்மாநிலத்து ஏழை வேளாண் குடும்பம் ஒன்று, இறந்துபட்ட தாயாகிய ஆடி பண்ட்ரனின் உடலைக் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியில் ஏற்றி, அவள் வேண்டியவாறே ஜெஃபர்சன் நகரில் அடக்கம் செய்யக் கொண்டுசெல்கின்றது. இடையே ஆற்றில் வெள்ளம், பின்னர்த் தீ. கதை இவ்வளவே. 59 பகுதிகள் கொண்ட இந்நூலில் 15 பேர் பேசுகின்றனர். பேசுவோர் பெயரே ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு. நம் பழம்பாடல்களோடு இயைந்த ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்னுங் குறிப்புகளை இது நினைவூட்டும்.

ஆடியின் மக்கள் ஐவர்: கேஷ், டார்ல், ஜூவல், டூயி டெல் என்னும் பெண், சிறுவன் வார்டமன். பூசல் டார்லுக்கும் ஜூவலுக்கும் இடையே நிகழ்வது. நிலத்திற்காகவோ பொருளுக்காகவோ எழுந்த பூசலன்று. பங்கிடத்தக்க பொருள் அவ்வீட்டில் யாது உளது? தாயின் உள்ளத்தில் யார்க்கு இடம் என்பதே வழக்கு. 19 பகுதிகள் டார்லின் கூற்று. ஜூவலுக்கு வாய்த்ததோ ஒன்றே. டார்லின் சொல்வளத்தில் ஈடுபட்டு, அவனைக் கவியுள்ளம் படைத்தவன் என்றும், ஜூவலை முரடன் என்றும் கொள்வார் உளர். அக்கொள்கை எமக்கு உடன்பாடன்று. ஜூவலைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி அவன் பகைவன் வாய்மொழி என்பதை அவர் மறந்தனர்.

ஜூவலின் இளமைப்பருவ நிகழ்ச்சி ஒன்றனை நோக்குவோம். பதினைந்து வயதில் அவன் பகலெல்லாம் தூங்கி வழிகின்றான், உடல் மெலிகின்றான். இரவில் எங்கோ செல்கின்றான். மணமான பெண்ணொருத்தியின் தொடர்பாக இருக்கலாம் என்று தமையன்மார் ஐயுறுகின்றனர். தாய் அவனுக்காக உணவை ஒளித்துவைக்கின்றாள். அவன் வேலைகளைத் தங்கையும் தம்பியும் மறைவாகச் செய்து முடிக்கின்றனர். இறுதியில் உண்மை வெளிப்படுகின்றது. அயலான் ஒருவனது 40 ஏக்கர் நிலத்தை இரவுதோறும் விளக்கொளியில் திருத்தி, அக்கூலியால் அவன் ஒரு குதிரையை வாங்கியிருந்தான். அன்றிரவு, உறங்கும் ஜூவலின் அருகே தாய் இருளில் அமர்ந்து அழுவதை டார்ல் காண்கின்றான். அவன் தன் தந்தைக்குப் பிறந்தவனல்லன் என்பதை அக்காட்சியால் தெளிகின்றான். இஃது ஓர் இளைஞனின் உழைப்பைக் கூறும் கதையே. ஆயின் கூறுவோன் அதனை ஒரு மறைபொருளைக் கண்டறிந்த கதையாக மாற்றிவிடுகின்றான். கண்டறிந்ததைப் பின்னர்ப் படைக்கலமாகவும் ஆளுகின்றான். ‘உன் தந்தை யார்?’ என்னும் பொருள்பட அவன் ஜூவலைக் குத்துமிடம் நூலின் கொடிய இடங்களுள் ஒன்று.

அதனினும் கொடியது மற்றொன்று. தாய் இறக்குந் தறுவாயில் மரச்சுமை ஏற்றிவரும் பொருட்டு டார்ல் ஜூவலை உடன் அழைத்துச் செல்கின்றான். தாம் திரும்புமுன் அவள் இறந்துவிடுவாள் என்று அறிந்தே செல்கின்றான். இச்செய்தி டூயி டெல்லின் கூற்றால் போதருகின்றது. அவ்வாறாயின் ஜூவலை ஏன் அழைக்கின்றாய் என்று அவள் வினவ, சுமையேற்றத் துணை வேண்டும் என்கின்றான். தங்கையின் இச்சிறு சான்று இல்லையேல் அவன் கூற்றுக்களின் அழகில் நாமும் மயங்கியிருப்போம்.

ஜூவலின் அன்பை அறிவதற்கும் பிறர் கூற்றே துணை. தந்தையாகிய ஆன்ஸ், கழுதைகளைப் பெறும்பொருட்டு மகனைக் கேளாமல் அவன் குதிரையை விலைபேசுகின்றான். ஜூவல் சினந்து குதிரையேறி அகன்றுவிடுகின்றான்; மறுநாள் அக்குதிரை வாங்கியவன் இடத்தில் நிற்கின்றது. இதனை உரைப்பவன் அயலானாகிய ஆர்ம்ஸ்டிடு. எத்தனை இரவின் உழைப்பு அது என்பது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஜூவலோ அதுபற்றி ஒரு சொல்லும் கூறினானல்லன்.

ஆடிக்கும் ஒரு கூற்று உண்டு. ஆசிரியையாக இருந்த அவள் சொற்களை வெறுக்கின்றாள். செயல் மண்ணை ஒட்டிச் செல்வது, சொல் அதனின் நீங்கி மேலெழுந்து மறைவது என்பது அவள் கருத்து. டார்ல் பிறந்தபொழுதே, தன்னைச் சொல்லால் ஏமாற்றினான் என்று கணவன்மேற் சினந்து, தன்னை ஜெஃபர்சனில் அடக்கஞ் செய்ய வேண்டும் என்று அவனிடம் உறுதி பெற்றாள். ஆகவே இப்பயணத்தின் வித்து டார்லின் பிறப்பே. சொல்லை வெறுத்த தாய்க்குச் சொல்லே செல்வமாகப் பிறந்த மகன் அவன்.

டார்லுக்கு நாம் இரங்கவில்லை என்பதன்று. அழுகும் உடலை நாட்கணக்காக இழுத்துச்செல்லும் கேட்டினை முடிக்கவே கில்லெஸ்பியின் கொட்டிலுக்கு அவன் தீயிட்டான் எனலாம். அக்கூட்டத்தில் அறிவுடையார் செயல் அஃதொன்றே என்பாரை மறுத்தல் அரிது. கேஷும் அவ்வாறே ஐயுறுகின்றான். எனினும் தீயினுள் புகுந்து சவப்பெட்டியை வெளிக்கொணர்ந்தவன் ஜூவல். வழக்கிற்கு அஞ்சிய குடும்பம், டார்லை ஜாக்சன் நகரத்து மனநோய் மருத்துவமனைக்குக் காவலரிடம் ஒப்படைக்கின்றது. அவன்மேல் முதலிற் பாய்ந்தவள் தங்கை டூயி டெல்.

டார்லின் 19-ஆம் கூற்று அதன்பின் வருகின்றது. பிறர் உள்ளத்துள் எல்லாம் புகுந்து பேசியவன் அதில் தன்னையே படர்க்கையில் வைத்து, டார்ல் என்றும் நம் உடன்பிறந்தான் என்றும் சுட்டுகின்றான். ஏன் சிரிக்கின்றாய் என்று தன்னைத் தானே வினவுகின்றான். உடன்பிறந்தார் நால்வருள் ஒருவரும் அங்கு விடை கூறுவதில்லை.