கண்ணுக்குத் தப்பினால் போதுமா?

படத்துக்குள் செய்தியை ஒளிக்கும் முறைகளை அறிமுகம் செய்கிறவர்கள் வழக்கமாக இரண்டு படங்களை அருகருகே வைத்து, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரியாதுதான். ஆனால் தேடுகிறவர் கண்ணை நம்பித் தேடுவதில்லை; எண்ணிப் பார்க்கிறார்.

மிக எளிய முறை, பிக்சல் எண்ணின் கடைசி பிட்டை எடுத்துவிட்டுச் செய்தியின் பிட்டை அங்கே வைப்பது. 512-க்கு 512 கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் 32 கிலோபைட் திணிக்கலாம். ஒரு சிறுகதையே அடங்கும். ஆனால் இந்த மாற்றத்தில் 154 என்ற எண் 155 ஆகலாமே தவிர, ஒருபோதும் 153 ஆகாது. 155-ம் 154 ஆகலாம், 156 ஆகாது. இரண்டும் தங்களுக்குள்ளேயே இடம் மாறிக்கொள்கின்றன. முதலில் 154 உள்ள பிக்சல்கள் 900, 155 உள்ளவை 700 என்று வைத்துக்கொண்டால், முழுக்கத் திணித்தபின் இரண்டும் 800-ஐ ஒட்டி நிற்கும். 128 ஜோடிகளிலும் இதே கதை. எந்தக் கேமராவும் இப்படிப் படம் எடுக்காது. 1999-ல் வெஸ்ட்ஃபெல்டும் ஃபிட்ஸ்மானும் கை வர்க்கம் (chi-square) என்னும் புள்ளியியல் சோதனையால் இதை அம்பலப்படுத்தினார்கள். 2001-ல் ஜெசிக்கா ஃபிரிட்ரிக் குழுவின் ஆர்.எஸ். முறை, ஒளித்த செய்தி எவ்வளவு நீளம் என்பதையே ஏறக்குறையச் சொல்லிவிட்டது. இதற்குப் பிறகும் இந்த முறையைப் பாதுகாப்பானது என்று சொல்லிக் கொடுப்பது பெரும் தவறு.

ஜேபெக் படங்களுக்கு வெஸ்ட்ஃபெல்டே 2001-ல் எஃப்5 முறையைக் கொடுத்தார். ஜேபெக் சேமிக்கும் எண்களை ஜோடிக்குள் மாற்றாமல் பூஜ்யத்தை நோக்கி ஒன்று குறைப்பது, குறைவான மாற்றங்களில் அதிக பிட்டுகளை ஏற்றுவது என இரண்டுமே அருமையான யோசனைகள். கை வர்க்கச் சோதனை இதனிடம் தோற்றது. அதை உடைத்த விதம் அதைவிட அழகு. ஆய்வாளர்கள் படத்தின் ஓரத்தில் 4 பிக்சலை வெட்டிவிட்டு மறுபடி ஜேபெக்காகச் சுருக்கினார்கள். ஜேபெக் படத்தைப் பிரிக்கும் 8-க்கு 8 பிக்சல் கட்டங்கள் தடம் மாறியதும், ஒளித்ததன் சுவடு கலைந்து, மூலப்படத்தின் கணக்கு ஏறத்தாழத் திரும்பக் கிடைத்தது. அதோடு ஒப்பிட்டால், கையிலுள்ள படத்தில் பூஜ்யங்கள் அளவுக்கு மீறியிருந்தன.

ஹ்யூகோ (2010), ஜே-யூனிவார்டு போன்ற பிந்தைய முறைகள் இடம் பார்த்து ஒளிக்கின்றன. வெறும் வானத்தைத் தொடாமல் இலைக்கூட்டம், தலைமுடி, சரளைக்கல் போன்ற இரைச்சலான பகுதிகளைத் தேடிப் போகின்றன. இன்றிருப்பவற்றில் இவையே மேல் என்பேன். ஆனாலும் நரம்பு வலைப்பின்னல்கள் இவற்றையும் ஓரளவு பிடிக்கின்றன. முறை எது என்பதைவிட எவ்வளவு ஒளிக்கிறோம் என்பதே முக்கியம். ஆண்ட்ரூ கெர் முன்வைத்த வர்க்கமூல விதிப்படி, படம் நான்கு மடங்கு பெரிதானால் பத்திரமாக ஒளிக்கக்கூடிய செய்தி இரண்டு மடங்குதான் கூடும். மூலப்படம் இணையத்தில் கிடைத்துவிட்டாலோ, எந்த முறையும் நிற்காது.

கண்டுபிடிக்கும் தரப்பின் பெருமிதத்தையும் அப்படியே ஏற்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் பாதிப் படங்களில் செய்தி இருக்கும். ஒளித்த முறையும் தெரியும். வெளியே அப்படியல்ல. 10 லட்சம் படங்களில் 10-ல் மட்டும் செய்தி இருக்கிறது, கருவி 100-க்கு ஒருமுறை தவறுகிறது என்றால், பொய்யாகச் சிக்குபவை சுமார் 10,000. அந்தப் பத்தாயிரம் பேரை யார் விசாரிப்பது? 2001-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் புரோவோஸும் பீட்டர் ஹனிமனும் ஈபே தளத்திலிருந்து 20 லட்சம் படங்களை ஆராய்ந்தார்கள். கருவி ஆயிரக்கணக்கானவற்றைச் சந்தேகித்தது. கடவுச்சொற்களை அகராதி வைத்து முயன்றும் ஒரு செய்திகூட வெளிவரவில்லை.

2010-ல் அமெரிக்காவில் பிடிபட்ட ரஷ்ய உளவாளிகள் படங்களில் செய்தி ஒளித்து அனுப்பியவர்கள். அந்தச் செய்திகளை வெளிக்கொணர்ந்தது பிக்சல் கணக்கு அல்ல. வீட்டைச் சோதித்தபோது, 27 எழுத்துக் கடவுச்சொல் ஒரு காகிதத்தில் எழுதிக் கிடந்தது.